ஆச்சியின் காசுமாலை பேத்தியிடம் போய்ச் சேர என்ன வழி?

கோவில்பட்டி வட்டாரக் கிராமம் ஒன்றிலிருந்து 73 வயது வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. ஊர், பெயர், வேறு சில அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மகன், ஒரு மகள். மகன் ஊரிலேயே கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார். வாசகி இருப்பது அவரோடுதான். மகள் மதுரையில் இருக்கிறார். மகளின் மகளுக்கு 23 வயது. வருகிற தையில் திருமணம். மகனுக்கும் 14 வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

வாசகியிடம் ஒரு காசுமாலை இருக்கிறது. 42 காசுகள், ஏறத்தாழ 11 பவுன். அவருடைய அப்பாவைப் பெற்ற ஆச்சி, இவருடைய கல்யாணத்துக்கு முதல் நாள் விளக்கேற்றிய பிறகு, தன் கையாலேயே கழுத்தில் போட்டுவிட்டாராம். அந்த ஆச்சிக்கு அவருடைய ஆச்சி கொடுத்தது. “எங்கள் குடும்பத்தில் இது மகளுக்கும் போகாது, மருமகளுக்கும் போகாது. ஆச்சியிடமிருந்து பேத்திக்குத்தான் போகும், அதிலும் மகள் வயிற்றுப் பேத்திக்குத்தான் முதல் உரிமை. வாங்கிக்கொண்டவள் தன் காலத்தில் ஒரு காசாவது சேர்க்க வேண்டும்” என்று எழுதுகிறார். எந்தக் காசை யார் சேர்த்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். திருகுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக இருக்கும் காசில் மட்டும் லட்சுமியின் முகம் தேய்ந்திருக்கும். ஒரு பஞ்ச காலத்தில் விற்ற காசுக்கு ஈடாக, பின்னாளில் எங்கிருந்தோ பழைய காசு ஒன்றை வாங்கிக் கோத்தார்களாம்.

மகள் வயிற்றுப் பேத்தி பெரியவளானபோது உளுந்தங்களி கிண்டிக் கொடுத்ததெல்லாம் இந்த ஆச்சிதான். சடங்கன்று காசுமாலையை அவள் கழுத்தில் போட்டு, “இது உனக்குத்தான்” என்று உறவினர் கேட்கச் சொன்னார். அன்று மாலையே கழற்றிப் பெட்டியில் வைத்தார். இப்போது அது வங்கி லாக்கரில் இருக்கிறது. லாக்கர் வாசகியின் பெயரில், நாமினி மகன், சாவியும் மகனிடம். சென்ற ஆண்டு விதைக்கும் உரத்துக்கும் பணமுடை வந்தபோது, தாயின் சம்மதத்தோடு மகன் அதைத் தன் பெயரில் அடகு வைத்து, அறுவடை முடிந்ததும் மீட்டிருக்கிறார்.

கல்யாணத்துக்கு முன் பேத்திக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் புயல். “இது பரம்பரைச் சொத்து. மகள் வழியில் விட்டால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். என் மகள் உனக்குப் பேத்தி இல்லையா? மீறிக் கொடுத்தால் கோர்ட்டில் தடை வாங்குவேன்” என்கிறார் மகன். “அண்ணனோடு பகை வேண்டாம்” என்று அழுகிறார் மகள். பேத்தியோ, “எனக்குக் காசுமாலை வேண்டாம் ஆச்சி. களி கிண்டுகிற பக்குவத்தைச் சொல்லிக்கொடுங்கள், அது போதும்” என்கிறாள்.

வாசகி கேட்கிறார்: சடங்கன்று ஊரறியப் போட்டுவிட்டேனே, அப்போதே அது அவளுடையதாகிவிட்டது அல்லவா? எங்கள் வழக்கத்தைக் கோர்ட் ஏற்காதா? மகன் தடுக்க முடியுமா? நாமினி அவன் என்பதால் எனக்குப் பிறகு அவனுக்கே போய்விடுமா? இதை யாரும் உருக்கக்கூடாது, விற்கக்கூடாது, பேத்திக்குப் பேத்தி போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுத முடியுமா?

அம்மா, வணக்கம்.

உங்களை அதிகம் வாட்டுவது மகனின் மிரட்டல் என்பது கடிதத்தின் கையெழுத்திலேயே தெரிகிறது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். காசுமாலை முழுக்க முழுக்க உங்களுடையது. உங்கள் மகனுக்கு அதில் ஒரு காசுகூடச் சொந்தமில்லை. உங்கள் மகளுக்கும் இல்லை. ஆனால் நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் வேறு இரண்டு விஷயங்கள் சரியல்ல. நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டால் பேத்திக்கும் அதில் ஒரு காசு கிடைக்காது. ஆகவே பொறுமையாகப் படியுங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் பேத்தியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பரம்பரைச் சொத்து என்று சொல்வது சரியா?

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆவது பிரிவு, இந்துப் பெண் ஒருத்தியிடம் உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்கிறது. நிலமானாலும் நகையானாலும், திருமணத்துக்கு முன் வந்தாலும் பின் வந்தாலும், தானமாக வந்தாலும் வாரிசாக வந்தாலும் இதுதான் விதி. உங்கள் ஆச்சி உங்களுக்குக் கல்யாணத்தின்போது கொடுத்த நகை ஸ்திரீதனம், அதாவது பெண்ணுக்கே தனியாகச் சொந்தமான சொத்து. உங்கள் கணவருக்கே அதில் பங்கு இருந்ததில்லை என்னும்போது, அவர் வழியாக மகனுக்கு வருவதற்கு ஒன்றுமில்லை.

“பரம்பரைச் சொத்து” என்று உங்கள் மகன் சொல்வது, அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண் வழியில் இறங்கிவரும் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அந்தச் சொத்தில்தான் பிறப்பாலேயே பங்கு வரும். தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் சட்டத்தைத் திருத்தி, மகள்களுக்கும் பங்கு கொடுத்தது அந்தச் சொத்தில்தான். பெண்ணிடமிருந்து பெண்ணுக்குக் கையோடு கை மாறி வந்த நகை, எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும், அந்தப் பொருளில் பரம்பரைச் சொத்து ஆகாது. நீங்கள் உயிரோடிருக்கும்வரை உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் நகைமேல் இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. எதிர்பார்ப்பை வைத்துத் தடையுத்தரவு கேட்டால் நிற்காது. வழக்குப் போடுவதை யாரும் தடுக்க முடியாது என்பது வேறு விஷயம். அதற்காகத்தான் சில காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்ளச் சொல்லப்போகிறேன்.

நாமினி விஷயமும் இதே போன்றதுதான். உங்கள் காலத்துக்குப் பிறகு லாக்கரைத் திறந்து பொருளைப் பெற்றுக்கொள்ள வங்கி யாரை அனுமதிக்கலாம் என்பதற்கே நாமினி. பெற்றுக்கொண்டவர் அதை உரிய வாரிசுகளிடம் சேர்க்கக் கடமைப்பட்டவர். நாமினி என்பதாலேயே நகை அவருடையது ஆகிவிடாது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நகை ஒருவர் கைக்குப் போனபின் அவரிடமிருந்து திரும்ப வாங்குவதற்கு மற்றவர் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். சட்டம் யார் பக்கம் என்பது ஒன்று, பொருள் யார் கையில் என்பது இன்னொன்று.

சென்ற ஆண்டு வைத்த அடகு என் மனத்தை உறுத்துகிறது. நல்ல எண்ணத்தில் செய்தீர்கள், மகனும் நாணயமாக மீட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் நகைக்கடன் வாங்குபவர், நகை தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். அந்தக் காகிதம் நாளைக்கு உங்களுக்கு எதிராகவே நீட்டப்படலாம். இனி அப்படி ஒரு தேவை வந்தால் கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும். இன்னொரு பக்கம், அந்த அடகு ரசீதால் ஒரு நன்மையும் உண்டு. அதில் மதிப்பீட்டாளர் குறித்த எடையும் விவரமும் இருக்கும். அதன் நகல் ஒன்றை மகனிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கம் எதுவரை செல்லும்?

இது உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. “மகனுக்குப் போகாது, பெண் வழியில்தான் போகும்” என்ற உங்கள் குடும்ப வழக்கம் காற்றில் பிறந்தது இல்லை. 1956க்கு முன் நம் பகுதியில் நடப்பில் இருந்த மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட முறைப்படி, ஒரு பெண்ணின் ஸ்திரீதனத்துக்கு முதல் வாரிசு மணமாகாத மகள். அடுத்து மணமான மகள். மகள் இல்லையென்றால் மகளின் மகள். மகன் அவர்களுக்கெல்லாம் பின்னால்தான் வருவான். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு வீட்டிலும் நிலத்திலும் பங்கில்லாத காலத்தில், அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து இப்படிக் காப்பாற்றப்பட்டது. உங்கள் ஆச்சிமார் சட்டப் புத்தகம் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வாழ்ந்தது அன்றைய சட்டத்தோடு ஒத்துப்போன வாழ்க்கை.

17.06.1956 அன்று இது மாறியது. அன்று நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டம், தான் விதி வகுத்த விஷயங்களில் பழைய நூல்களும் வழக்கங்களும் இனிச் செல்லாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. உயில் எழுதாமல் காலமாகும் பெண்ணின் சொத்து, 15ஆவது பிரிவின்படி முதலில் அவளுடைய மகன், மகள், கணவர் ஆகியோருக்குச் சமமாகப் போகும். பேத்தியைப் பெற்ற அந்த மகளோ மகனோ உயிரோடு இருக்கும்போது பேத்திக்கு அதில் இடமே இல்லை.

உங்கள் வீட்டில் இதன் பொருள் என்ன தெரியுமா அம்மா? நீங்கள் ஒன்றும் எழுதாமல் போய்விட்டால் 42 காசுகளில் மகனுக்கு 21, மகளுக்கு 21. ஒத்துப்போகாவிட்டால் விற்றுப் பணமாகப் பிரிப்பார்கள். உங்கள் ஆச்சிமார் ஒரு பஞ்சத்தையே தாண்டிச் சேர்த்துக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்த பொருளுக்கு அப்படி ஒரு முடிவு வரக்கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன்.

இன்னொன்றையும் மெதுவாகச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. மகள் வயிற்றுப் பேத்திக்கே முதல் உரிமை என்கிறீர்கள். ஆனால் உங்களுக்குக் கொடுத்தவர் உங்கள் அப்பாவைப் பெற்ற ஆச்சி. அவருக்கு நீங்கள் மகன் வயிற்றுப் பேத்தி. அப்படியானால் உங்கள் குடும்பத்தில் கொடுக்கிற ஆச்சியே பேத்தியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதை உங்கள் முடிவை மாற்றுவதற்காகச் சொல்லவில்லை. “மரபு அப்படி, நான் என்ன செய்ய?” என்று மகனிடம் சொல்வதற்குப் பதிலாக, “நான் இவளுக்குக் கொடுக்க விரும்புகிறேன்” என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை. அதைச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

சடங்கன்று போட்டது போதாதா?

போதாது என்றே சொல்ல வேண்டும். நகை போன்ற அசையும் பொருளைத் தானம் கொடுக்க, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி பதிவுப் பத்திரம் கட்டாயமில்லை. கையில் ஒப்படைத்தாலே போதும். அந்த அளவுக்கு உங்கள் ஆச்சி செய்ததும் சட்டம் சொல்வதும் ஒன்றுதான். ஆனால் ஒப்படைப்பது என்றால் பொருள் உங்கள் கட்டுப்பாட்டிலிருந்து அவள் கட்டுப்பாட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் அன்று மாலையே கழற்றி வாங்கிவிட்டீர்கள். பிறகு லாக்கரில் வைத்தீர்கள். ஒருமுறை அடகுக்கும் கொடுத்தீர்கள். இவ்வளவையும் பார்க்கிற நீதிபதி, அன்றைக்குப் போட்டது அலங்காரத்துக்காக, சொன்னது வாக்குறுதி என்றே முடிவு செய்வார். பாசத்தில் கொடுத்த வாக்குறுதியை வைத்து நகையைக் கேட்டு வாங்க முடியாது. வாக்கு பெரிதுதான், உங்கள் மனச்சாட்சிக்கு. கோர்ட்டுக்கு ஒப்படைப்பு வேண்டும்.

ஆகவே உங்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, இப்போதே கையில் கொடுத்துவிடுவது. இன்னொன்று, உயில் எழுதிவைப்பது.

கையில் கொடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் பேசும். அப்போது கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். கையெழுத்து உங்களுடையதா, சுயநினைவோடு போட்டதா, பேத்தி வற்புறுத்தி எழுதி வாங்கினாளா என்றெல்லாம் கேட்பார்கள். கையில் கொடுத்தால் அத்தனைக்கும் நீங்களே சாட்சி. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒருமுறை முறையாகக் கொடுத்த தானத்தை மனம் மாறித் திரும்பக் கேட்க முடியாது. ஒரு வாரம் யோசித்துவிட்டு முடிவெடுத்தால் தவறில்லை.

கொடுக்கும் நாளில் மாலையை நீங்களே லாக்கரிலிருந்து எடுங்கள். பேத்தி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். “வேண்டாம்” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தால் சட்டப்படி தானம் நிறைவடையாது. கொடுத்தபின் அது அவள் பெயரில் உள்ள லாக்கருக்குப் போகட்டும். “உன்னுடையதுதான், என் லாக்கரிலேயே இருக்கட்டும்” என்று திரும்ப வாங்கி வைத்தால் பழைய கதைதான். பிறகு ஒரு தாளில், இன்ன தேதியில் இன்னாருக்கு இந்த நகையைக் கொடுத்துவிட்டேன், அவள் பெற்றுக்கொண்டாள் என்று நடந்து முடிந்ததைக் குறித்து, இருவரும் கையெழுத்திடுங்கள். உறவினர் அல்லாத இருவர் சாட்சியாகக் கையெழுத்திடட்டும். முத்திரைத்தாள் அவசியமில்லை.

அந்தத் தாளில் நகையை எப்படி விவரிப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். “காசுமாலை 1, 11 பவுன்” என்று எழுதினால் ஊரில் உள்ள எந்தக் காசுமாலைக்கும் அது பொருந்தும். நீங்கள் எனக்கு எழுதியதையே அதிலும் எழுதுங்கள்: காசுகள் 42, திருகுக்குப் பக்கத்தில் மூன்றாவது காசில் லட்சுமி முகம் தேய்ந்திருக்கும், கிராம் கணக்கில் எடை இவ்வளவு. முன்னும் பின்னும் படம் எடுத்து இணையுங்கள். பஞ்சத்தின் அடையாளமாக இருந்த அந்தக் காசு, இனி உங்கள் பேத்தியின் உரிமைக்கும் அடையாளமாக இருக்கும்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். பாட்டி பேத்திக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு, மதிப்பு எவ்வளவானாலும், வாங்குபவருக்கு வருமான வரி இல்லை. என்றாவது அவள் விற்றால் அதில் வரும் லாபத்துக்கு வரி உண்டு.

கையில் கொடுக்க ஏதோ காரணத்தால் முடியாமல் போனால் உயில். வெள்ளைத் தாளில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். அவர்களும் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். பேத்தியோ அவள் பெற்றோரோ சாட்சியாக இருக்க வேண்டாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் உங்கள் வயதில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது நல்லது. நடமாட முடியாத நிலை வந்தால் வீட்டுக்கே வந்து பதிவு செய்யும்படி கேட்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது. எழுதும் நாளில் மருத்துவர் ஒருவரிடம் நல்ல நினைவோடு இருப்பதாகச் சான்று வாங்கி வைத்தால் பிற்காலத்தில் பெரிய துணை.

(இதைப் படிக்கும் பிற வாசகர்களுக்கு: வாரிசு விதிகள் சமயத்துக்குச் சமயம் மாறும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். முஸ்லிம் குடும்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். நகையை உயிரோடிருக்கும்போதே கையில் கொடுத்தால் செல்லும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.)

கல்யாணச் சீரில் கலக்காதீர்கள்

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை, “உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்” என்றுதான் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதர்களாகவே இருக்கட்டும். ஆனாலும் நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பவுன் கணக்கு ஓடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. காசுமாலையை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால், ஆச்சி கொடுத்தது என்பது மறைந்து, பெண் வீட்டார் போட்டது என்று ஆகிவிடும். கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பே, தனியாக, உங்கள் வழக்கப்படி விளக்கேற்றிக் கொடுங்கள். முதல் நாள் சந்தடியில் லாக்கரும் தாளும் சாட்சியும் ஒழுங்காக நடக்காது.

கல்யாணத்தில் வரும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடை விதிகள் சொல்கின்றன. பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மொய் நோட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை இதற்குக் கொடுப்பதில்லை. மணப்பெண் நகை எதையும் பாதுகாப்புக்காக மாமியார் வீட்டுப் பீரோவில் வைத்தாலும் அது அவளுடையதே. திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் 1985இலேயே சொல்லிவிட்டது. இதைப் பேத்திக்குச் சொல்லி அனுப்புங்கள். நல்ல நாளில் சொல்லக்கூடாத விஷயமொன்றும் இல்லை இது.

உருக்கக்கூடாது என்று எழுத முடியுமா?

எழுதலாம், கட்டுப்படுத்தாது. ஒரு பொருளை முழுதாகக் கொடுத்துவிட்டு, “விற்கவே கூடாது, இன்னாருக்குத்தான் கொடுக்க வேண்டும்” என்று நிபந்தனை போட்டால், கொடுத்தது செல்லும், நிபந்தனை செல்லாது. பிறக்காத பேத்திக்கும் அவளுடைய பேத்திக்கும் தலைமுறை தலைமுறையாகச் சொத்தைப் பூட்டி வைக்கவும் சட்டம் விடாது. உங்கள் பேத்தி அதை ஒரு கஷ்டத்தில் விற்றால் யாரும் தடுக்க முடியாது. உங்கள் ஆச்சிமாரில் ஒருவரும் பஞ்சத்தில் ஒரு காசை விற்கத்தானே செய்தார்? விற்று, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பிறகு தேடிப்போய் இன்னொரு காசு வாங்கிக் கோத்தார். அவரை எந்தப் பத்திரமும் அப்படிச் செய்ய வைக்கவில்லை. அந்த மாலையின் கதை தெரிந்திருந்ததால் செய்தார்.

ஆகவே கதை அவளுக்கு முழுதாகத் தெரிய வேண்டும். எந்தக் காசு யாருடையது, எந்த ஆண்டு எந்த விளைச்சலில் சேர்த்தது என்பதெல்லாம் இப்போது உங்கள் ஒருவர் தலையில் மட்டுமே இருக்கிறது. அதற்கு உயில் இல்லை, நாமினி இல்லை, எந்த அலுவலகத்திலும் பதிவும் இல்லை. திருகிலிருந்து தொடங்கி ஒவ்வொரு காசாக நீங்கள் சொல்லச் சொல்ல, அவள் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதட்டும். உங்கள் குரலைச் செல்பேசியில் பதிவு செய்யட்டும்.

களி கிண்டும் பக்குவத்தைக் கேட்டாளே, அதை ஒதுக்கிவிடாதீர்கள். நகை வேண்டாம் என்று தட்டிக்கழிக்கச் சொன்னதாக அதை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. அவள் வளர்ந்து வரும்போது ஆச்சியிடமிருந்து தன் உடம்புக்குள் இறங்கிய ஒன்றைக் கேட்கிறாள். தோல் உளுந்தை எவ்வளவு வறுப்பது, கருப்பட்டிப் பாகை எப்போது வடிகட்டுவது, நல்லெண்ணெயை எத்தனை தடவையாக ஊற்றுவது, நனைத்த கையால் தொட்டுப் பார்த்து ஒட்டாமல் வந்தால் இறக்குவது என்பதெல்லாம் எழுதிக் கொடுத்தால் வராது. பக்கத்தில் நின்று கிண்டினால்தான் வரும். மதுரையிலிருந்து ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லுங்கள். மகனின் மகளும் அதே அடுப்படியில் இருக்கட்டும்.

மகனிடம் என்ன சொல்வது?

“என் மகள் உனக்குப் பேத்தி இல்லையா?” என்ற அவர் கேள்வியை நீங்கள் மிரட்டலோடு சேர்த்து எழுதிவிட்டீர்கள். எனக்கு அது தனியாகக் கேட்கிறது. பரம்பரைச் சொத்து, தடையுத்தரவு என்பதெல்லாம் கோபத்தில் வந்தவை. இது ஒரு தகப்பனின் மனவருத்தம், நியாயமான வருத்தம். அந்தச் சிறுமி உங்கள் கூடவே வளர்கிறாள். நாளைக்கு அவளுக்கு என்ன என்பதை நீங்கள் எங்கும் எழுதவில்லை.

உங்களிடம் ஒரு ஜோடிப் பாம்படமும் இரட்டைவடச் சங்கிலியும் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பாம்படம் உங்கள் ஆச்சி காதில் போட்டிருந்தது என்றால் அதுவும் காசுமாலைக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதை இளைய பேத்திக்கு என்று உயிலில் எழுதுங்கள். அவள் வளரும்வரை உங்களிடமே இருக்கட்டும். (பாம்படத்துக்குள் அரக்கு அடைத்திருப்பார்கள். மொத்த எடையைப் பவுன் கணக்கில் அப்படியே எழுதிவிடாதீர்கள். பின்னால் தங்கம் குறைகிறது என்று சண்டை வரும்.) பவுனுக்குப் பவுன் சரிசமமாகப் பிரிக்க வேண்டும் என்று சட்டம் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் இரண்டு பேத்திகளுக்கும் ஆச்சியிடமிருந்து ஒன்று வர வேண்டும். இதை மகனிடம், மருமகள் முன்னிலையில், காசுமாலையைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கலாம்.

இரட்டைவடச் சங்கிலியை யாருக்கும் கொடுக்காதீர்கள். அது உங்களுக்கு. மருத்துவச் செலவென்று வரும்போது மகனிடமும் மகளிடமும் கை நீட்டாமல் இருக்க உங்கள் பெயரில் ஏதாவது இருக்க வேண்டும். பேத்திகள்மேல் உள்ள பாசத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கழுத்தோடு நிற்கும் ஆச்சிகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

கணவர் பெயரில் உள்ள நிலத்தைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது அவருடைய சுய சம்பாத்தியமாக இருந்து, உயிலும் இல்லாமல், அவருடைய தாயும் அவருக்கு முன்பே காலமாகியிருந்தால் உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதைக் காசுமாலைப் பேச்சோடு கலக்க வேண்டாம். ஒன்றை விட்டுக்கொடுத்தால் இன்னொன்று என்ற பேரம் தொடங்கிவிடும்.

லாக்கர் சாவியை மகன் தர மறுத்தால் நீங்களே வங்கிக்குப் போகலாம். லாக்கர் உங்கள் பெயரில் இருக்கிறது. சாவி கைக்கு வரவில்லை என்று மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, அடுத்து என்ன செய்வது என்று கேளுங்கள். பூட்டை உடைத்துத் திறக்கவும் வங்கியில் நடைமுறை உண்டு, செலவு உங்களுடையது. மகன் அதற்கும் தடையாக நின்றாலோ, வீட்டில் இருக்க முடியாத நிலை வந்தாலோ, வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசியில் கேட்க 15100. முதியோருக்கான உதவி எண் 14567. இந்த இரண்டையும் பேத்தியிடம் சொல்லி உங்கள் செல்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.